மோடத்தை மாற்றும் முன்: வாசகர் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய தொலைபேசிக் கம்பி வழியே வரும் இணையத்தையும், அதை நம்பி ஓடும் தொலைக்காட்சியையும் பற்றியவை. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: தொலைபேசி மணி அடிக்கும்போதெல்லாம் இணையம் அறுந்து, டிவியில் ஓடும் படம் நின்றுவிடுகிறது. கடைக்காரர் சொன்னபடி இரண்டு முறை மோடம் மாற்றிவிட்டேன். மூன்றாவதும் வாங்க வேண்டுமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: வாங்க வேண்டாம், உங்கள் முதல் மோடமே நல்ல மோடமாக இருந்திருக்கக்கூடும். ஒரே ஜோடிக் கம்பியில் பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழேயும், இணையம் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயும் செல்கின்றன. இரண்டையும் பிரித்துவைப்பது ஸ்ப்ளிட்டர் என்னும் சிறு பெட்டி. மணி அடிக்கும்போது அதே கம்பியில் 75 வோல்ட் அளவுக்கு மாறுமின்னழுத்தம் வருவதால், ஸ்ப்ளிட்டர் பழுதாகியிருந்தாலோ, மாடியறைத் தொலைபேசி ஒன்று ஸ்ப்ளிட்டர் இல்லாமல் நேரடியாகக் கம்பியில் கோக்கப்பட்டிருந்தாலோ மோடம் நிலைகுலைந்துவிடும்.

வீட்டிலுள்ள எல்லாத் தொலைபேசிகளையும் கழற்றிவிட்டு, கம்பி உள்ளே நுழையும் முதல் ரோசட் பெட்டியில் ஸ்ப்ளிட்டர் வழியாக மோடத்தையும் ஒரே ஒரு தொலைபேசியையும் இணைத்து, செல்பேசியிலிருந்து உங்கள் எண்ணை அழையுங்கள். இணையம் அறாவிட்டால் குற்றம் வீட்டுக்குள் மற்ற அறைகளுக்கு ஓடும் பாரலல் கம்பியிலோ, அதில் கோத்திருந்த தொலைபேசியிலோ இருக்கிறது. அறுந்தால் முதலில் ஸ்ப்ளிட்டரை மாற்றுங்கள். அதன் விலை மோடத்தின் விலையில் சிறு பகுதிதான். பிறகும் அறுந்தால் தெருவிலுள்ள கேபிள் ஜாயின்ட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இதே தொல்லைக்கு 1,900 ரூபாய் கொடுத்து வைஃபை பூஸ்டர் வாங்கியவன் நான். அலமாரிக்குப் பின்னால் எலி கடித்திருந்த கம்பியைக் கண்டுபிடிக்கும்வரை, அறுந்து அறுந்து வந்த இணையத்தை அந்தப் பூஸ்டர் வீடு முழுவதும் செம்மையாகப் பரப்பிக்கொண்டிருந்தது.

கேள்வி: என் இணைப்பு 16 எம்பிபிஎஸ். கணினியில் கோப்பு இறக்கும்போது நொடிக்கு 2 எம்பி என்றே காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா? (வாசகர், ஆம்பூர்)

பதில்: இல்லை. முன்னது பிட், பின்னது பைட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட், 16-ஐ எட்டால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: மழை பெய்தால் இணையம் நொண்டுகிறது. விசித்திரம் என்னவென்றால், தொலைபேசி ரிசீவரை எடுத்து வைத்திருந்தால் இணையம் ஒழுங்காக வருகிறது. திரும்ப வைத்ததும் போய்விடுகிறது. (வாசகர், நாகர்கோவில்)

பதில்: இதைக் கவனித்து எழுதியதற்காக உங்களைப் பாராட்டுகிறேன், ஏனெனில் பழுது எங்கே என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். வீடுகளுக்குக் கம்பி பிரியும் தெருவோர டிபி பெட்டியிலோ, கேபிளின் ஜாயின்ட்டிலோ ஈரம் புகுந்து செம்பு பச்சை பூத்திருக்கிறது. ரிசீவரை எடுக்கும்போது கம்பியில் நேர்மின்னோட்டம் பாய்ந்து, அந்தக் களிம்புப் படலத்தை ஊடுருவித் தற்காலிகமாகத் தொடர்பை உண்டாக்குகிறது. வைத்ததும் மின்னோட்டம் நின்று பழைய நிலை திரும்புகிறது. புகார் பதியும்போது "நெட் ஸ்லோ" என்று சொல்லாதீர்கள், மோடத்தை அணைத்துப் போடச் சொல்லி முடித்துவிடுவார்கள். "லைனில் இரைச்சல், ஜாயின்ட் பழுது" என்று சொல்லுங்கள். வருகிற லைன்மேனிடம் ரிசீவரை எடுத்தும் வைத்தும் நேரில் காட்டுங்கள்.

கேள்வி: "24 எம்பிபிஎஸ் வரை" என்று சொல்லித்தான் இணைப்புக் கொடுத்தார்கள். எனக்கு 3-க்கு மேல் வந்ததே இல்லை. இதை நம்பி 55 அங்குல டிவி வாங்கிவிட்டேன். படம் கலங்கலாகவே தெரிகிறது. மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் அட்டென்யுவேஷன் (வழியில் சமிக்ஞை தேயும் அளவு) 56 டெசிபல் என்றிருக்கிறது. (வாசகர், கரூர் அருகே)

பதில்: "வரை" என்ற இந்த ஈரெழுத்துச் சொல்லின்மீது எனக்கு நெடுநாள் பகை உண்டு. தள்ளுபடி விளம்பரத்தில் "70 சதவீதம் வரை" என்று நின்றுகொண்டு ஒரே ஒரு பழைய சட்டையைக் காட்டும் அதே சொல்தான், இணைய விற்பனையில் வந்து நின்று, தொலைபேசி இணைப்பகத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கிடைப்பதை ஊர் எல்லையில் இருப்பவருக்கும் விற்கிறது. தொலைபேசிக் கம்பியில் இணையம் தரும் ஏடிஎஸ்எல்2+ தொழில்நுட்பத்தின் உச்ச வேகம் 24 எம்பிபிஎஸ் என்பது உண்மை. ஆனால் அது 2.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. அலைவரிசை உயர உயரச் செம்புக் கம்பியில் சமிக்ஞை விரைவாகத் தேய்கிறது. ஆகவே இணைப்பகத்திலிருந்து 3 கிலோமீட்டரில் ஏறத்தாழ 8 எம்பிபிஎஸ்ஸும், 5 கிலோமீட்டரில் இரண்டோ மூன்றோ கிடைப்பதே இயல்பு. தூரம் என்பது சாலைத் தூரம் அன்று. கேபிள் சுற்றிச் செல்லும் தூரம்.

உங்கள் மோடம் காட்டும் அட்டென்யுவேஷனை 14-ஆல் வகுத்தால் அந்தத் தூரம் தோராயமாகக் கிலோமீட்டரில் கிடைக்கும். உங்களுக்கு 4 வருகிறது. இந்தக் கணக்கு விற்றவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு என்ன வேகம் தேறும் என்று இணைப்புக் கொடுக்கும் நாளிலேயே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, ஏனெனில் "வரை" அவரைக் காப்பாற்றுகிறது. அரசின் வரையறையும் உங்களுக்குத் துணைவராது: 2004-இல் 256 கிலோபிட் வந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள், 2023 ஜனவரியில்தான் அதைக் குறைந்தது 2 எம்பிபிஎஸ் என்று உயர்த்தினார்கள். எனவே உங்கள் 3 எம்பிபிஎஸ்ஸும் சட்டப்படி பிராட்பேண்ட்தான்.

முழு எச்டி படம் தடையின்றி ஓட 5 எம்பிபிஎஸ்ஸாவது சீராக வர வேண்டும். அது இல்லாதபோது செயலி தானே தரத்தைக் குறைத்துக்கொள்வதால் கலங்கல் தெரிகிறது. டிவியின் மேல் குற்றமில்லை. அதை வாங்கும் முன் ஒரு முறை வேகத்தைச் சோதித்திருக்கலாம் என்பதைத் தவிர உங்கள் மேலும் பெரிய குற்றமில்லை.

கேள்வி: ஆன்லைன் தள்ளுபடியில் 4,800 ரூபாய்க்கு ரவுட்டர் வாங்கினேன். தொலைபேசிக் கம்பியைச் செருக அதில் துளையே இல்லை. அட்டைப்பெட்டியை எறிந்துவிட்டேன், திருப்பி எடுக்கும் காலமும் முடிந்துவிட்டது. என்ன செய்யலாம்? (வாசகர், ஓசூர்)

பதில்: தொலைபேசிக் கம்பிக்கு டிஎஸ்எல் மோடம் உள்ளிருக்கும் ரவுட்டர் வேண்டும் என்பது பொருள் விவரத்தின் முதல் வரிகளிலேயே தெரியும், அதைப் படிக்க ஒரு நிமிடம் போதும். பழைய மோடத்தை முன்னால் வைத்து, அதிலிருந்து லேன் கம்பி வழியாகப் புதியதை இணைத்துக்கொள்ளுங்கள். அட்டைப்பெட்டியை எறிந்ததற்கு என்னிடம் பரிகாரம் இல்லை.

கேள்வி: ஓய்வூதியத்தில் வாழ்கிறேன். ஐந்து வாரமாகத் தொலைபேசியும் இணையமும் இல்லை. மூன்று முறை புகார் கொடுத்தேன். ஒருவரும் வராமலேயே "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று மூன்று முறையும் குறுஞ்செய்தி வந்தது. பில் மட்டும் தவறாமல் வருகிறது. (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அம்மா, இது அலட்சியம் மட்டுமன்று, செய்யாத வேலையைச் செய்ததாகக் கணக்கு எழுதுவது. அந்த மூன்று குறுஞ்செய்திகளையும் அழிக்காமல் வையுங்கள், அவையே உங்கள் சாட்சி. புகார் எண்களைக் குறிப்பிட்டு, அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுத்தில் முறையிட்டு, பழுதான நாள்களுக்கு வாடகைக் கழிவும் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தீர்ப்பதில்லை என்பதால் அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் பதிவு செய்யுங்கள்.

அதிலும் பலனில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். தொலைபேசி வழக்குகள் நுகர்வோர் மன்றத்துக்கு வராது என்று 2009 தீர்ப்பு ஒன்றைக் காட்டி யாராவது பயமுறுத்தினால், வரும் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாக்கிவிட்டதைச் சொல்லுங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை, 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதென்றால் கட்டணமும் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

கேள்வி: 6,000 ரூபாய்க்கு ஆண்ட்ராய்டு பெட்டி, எல்லாச் சேனலும் ஆயுள் முழுவதும் இலவசம் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: யாருடைய ஆயுள் என்று கேட்டுப் பாருங்கள். திருட்டு ஒளிபரப்புக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் தெருவுக்கு ஃபைபர் வந்துவிட்டது. தனியாக இருக்கும் என் தாயார் வீட்டுச் செம்புக் கம்பியையும் மாற்றிவிடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: இணையத்துக்கும் டிவிக்கும் தயங்காமல் மாற்றுங்கள், மேலே கண்ட தொல்லைகளில் பாதி ஒழியும். ஆனால் ஒன்றை முன்பே ஏற்பாடு செய்யுங்கள். செம்புக் கம்பித் தொலைபேசிக்கு 48 வோல்ட் மின்சாரம் இணைப்பகத்து பேட்டரியிலிருந்து வருவதால், வீட்டில் மின்வெட்டு இருந்தாலும் அது பேசும். ஃபைபரில் வீட்டிலுள்ள பெட்டிக்கு மின்சாரம் இல்லாவிட்டால் தொலைபேசியும் ஊமையாகிவிடும். அந்தப் பெட்டிக்கென்று ஒரு சிறு யுபிஎஸ் வாங்கி, அது எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்பதை, மின் இணைப்பை அணைத்து, நீங்கள் அங்கே இருக்கும் நாளிலேயே பார்த்துவிடுங்கள்.