ஓடாத இடத்திலும் 'ரன்'

கேள்வி: 'ரன்' என்றால் ஓடு என்றுதான் பள்ளியில் படித்தோம். ஆனால் ஆங்கிலத்தில் கம்பெனியை ரன் பண்ணுகிறார்கள், மூக்கு ரன் ஆகிறது, தேர்தலிலும் ரன் வருகிறது. இதற்கு மொத்தம் எத்தனை அர்த்தம்? ஒத்த சொற்களைப் பட்டியலாகத் தர முடியுமா?

பதில்: எண்ணிக்கையைக் கேட்டால் தலை சுற்றும். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதுத் திருத்தத்தில், வினைச்சொல்லாக மட்டும் இதற்கு 645 பொருள். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 430 பொருளோடு 'செட்' என்ற சொல்தான் முதலிடத்தில் இருந்தது, இப்போது ரன் அதை முந்திவிட்டது. இந்த ஒரு சொல்லைப் பிரித்து அடுக்கவே பீட்டர் கில்லிவர் என்ற அகராதி ஆசிரியருக்கு சுமார் 9 மாதம் பிடித்ததாம்.

பட்டியல் தரலாம்தான், ஆனால் அதை அப்படியே மனப்பாடம் செய்தால் வம்பு. ஏனென்றால் ஒத்த சொல் என்பது ரன்னுக்கு இல்லை, ரன்னின் ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக உண்டு. கம்பெனியை ரன் செய்தால் 'மேனேஜ்', இயந்திரத்தை என்றால் 'ஆபரேட்', ஆறு ரன் ஆனால் 'ஃப்ளோ'. இவற்றை இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், ஆறு மேனேஜ் ஆகும்!

சரி, காலால் ஓடுவதற்காவது ஒரே சொல்லா என்றால் அங்கேயும் இல்லை. கொஞ்ச தூரத்தை முழு வேகத்தில் ஓடினால் 'ஸ்பிரின்ட்', உடற்பயிற்சிக்காக நிதானமாக ஓடினால் 'ஜாக்', திடீரென்று அவசரமாகப் பாய்ந்தால் 'டேஷ்', ஆபத்துக்குப் பயந்து தப்பி ஓடினால் 'ஃப்ளீ'. தீ விபத்துச் செய்தியில் மக்கள் 'ஜாக்' செய்து வெளியேறினார்கள் என்று எழுதினால் என்ன ஆகும், நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டமே இல்லாத ரன்களும் ஏராளம். கிரிக்கெட்டில் பந்து தரையில் உருண்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் ஆட்டக்காரர் நின்ற இடத்தில் நின்றபடியே 4 ரன் வாங்கிவிடுகிறார். தேர்தலில் போட்டியிடுவதை அமெரிக்கர் 'ரன்' என்பார்கள், பிரிட்டனில் அதற்குப் பழக்கமான சொல் 'ஸ்டாண்ட்'. வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பணத்தை எடுக்க முட்டி மோதினால் அது வங்கியின் மீது 'ரன்'. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கியில் ஒரே நாளில் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள், அதில் பெரும்பகுதி இணையம் வழியாகத்தான். யாரும் ஓடவில்லை, பெயர் மட்டும் ரன்!

நம் 'ஓடு' மட்டும் என்ன சும்மாவா? கடிகாரம் ஓடுகிறது, படம் ஓடுகிறது, பிழைப்பு ஓடுகிறது, மனசில் என்னவோ ஓடுகிறது. ஆனால் இரண்டும் எல்லா இடத்திலும் பொருந்திவராது. மூக்கு நமக்கு ஒழுகும், துணியில் சாயம் போகும், காய்ச்சல் அடிக்கும். ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்குமே ரன் போடலாம். அதனால் ரன்னைத் தனியாகப் படிக்காமல் கூடவே எது வருகிறது என்று பாருங்கள். அப்புறம், பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்களை விட்டுவிடாதீர்கள்: 'ரன் இன்டு' என்றால் எதிர்பாராமல் ஒருவரைச் சந்திப்பது, 'ரன் ஓவர்' என்றால் வண்டி ஏற்றிவிடுவது. நண்பரைப் பற்றிச் சொல்லும்போது இதில் ரொம்பக் கவனம் தேவை.

கேள்வி: இதற்கெல்லாம் ஒத்த சொல் அகராதி ஒன்று வாங்கினால் போதுமா?

பதில்: வாங்குங்கள், ஆனால் சாதாரண அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வகையில் புகழ்பெற்றது ரோஜெட் என்ற மருத்துவர் 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்'. சொற்களைக் கருத்து வாரியாகத் தொகுத்தாரே தவிர ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதவில்லை. ஏற்கெனவே தெரிந்த சொல் நினைவுக்கு வராமல் தவிப்பவருக்கு அது வரப்பிரசாதம். புதிதாகப் படிப்பவர் அதில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டால் மேலே சொன்ன ஆற்றின் கதைதான்.

கேள்வி: 'ஐ ஹேவ் ரேன்' சரியா?

பதில்: தவறு. 'ஐ ரேன்', ஆனால் 'ஐ ஹேவ் ரன்'.