மல்லிகைச் செடியில் முட்டையோடு உட்கார்ந்திருக்கும் பச்சைச் சிலந்தி எது? விஷமா? மருந்து அடித்துவிடலாமா?

பச்சை உடம்பு, காலெல்லாம் கறுப்பு முள், வலை இல்லை, இலைக்கு அடியில் வைக்கோல் நிற உருண்டையைக் கட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்கிறது. நீங்கள் சொன்ன இந்த அடையாளங்களுக்குப் பொருந்துவது பச்சை லிங்க்ஸ் சிலந்தி. நம் பக்கம் இருப்பது பெரும்பாலும் பியூசீஷியா விரிடானா. வலை பின்னி இரை பிடிக்காது. செடியில் பதுங்கியிருந்து பாயும். உருண்டை முட்டைப்பை, காவல் இருப்பது தாய். (வீட்டுச் சுவரில் காசு மாதிரி தட்டையான பையை வயிற்றுக்கு அடியில் பிடித்துக்கொண்டு ஓடுவது வேறு, அது வேட்டைச் சிலந்தி.)

நான் பூச்சியியல் படித்தவன் இல்லை. திருப்பரங்குன்றம் தாண்டி கொஞ்சம் மல்லிகை போட்டிருக்கிறோம், அவ்வளவுதான். போன சித்திரையில் பூ எடுக்க வரும் அக்கா ஒரு செடியைத் தொடவே மாட்டேன் என்றார். "தம்பி, எட்டுக்கால் பூச்சி உக்காந்திருக்கு. மேல ஒன்னுக்கு இருந்துச்சுன்னா கொப்புளமா வந்துரும்." அப்படி வரும் கொப்புளம் பல நேரம் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து தோலில் நசுங்கும் ஒரு சின்ன வண்டால் வருவது. சொன்னேன், நம்பவில்லை. அதற்குள் மருந்து அடிக்க வந்தவர் டேங்கை மாட்டிக்கொண்டு, "சேத்து அடிச்சு விட்ருவோம்ணே" என்கிறார். அவர் வந்தது மொட்டுப்புழுவுக்கு! புழு வைக்கும் அந்துப்பூச்சியைப் பிடித்துத் தின்கிற ஆளையே சாகடிக்கவா கூலி கொடுக்கிறேன்? அந்தச் செடியை விட்டுவிடச் சொன்னேன். மொட்டெல்லாம் மலர்ந்து உதிர்ந்தது, வீட்டில் பேச்சும் வாங்கினேன். ஆனால் அதன் தைரியம்! குச்சியை நீட்டினால் ஓடாமல் காலைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தது.

தேனீயையும் தின்னுமே என்பீர்கள். தின்னும், மறுக்கவில்லை. ஒரு சிலந்தியை வைத்துப் புழுவை ஒழித்துவிடலாம் என்றும் நான் சொல்லவில்லை.

ஒரு செடிப் பூ போனதற்கா அழுவது? சித்திரையில் பூ கொட்டும்போது விற்கிற விலை பறிப்புக் கூலிக்கே காணாது. மார்கழிப் பனியில் செடி பூக்காத நேரம் பார்த்து, கிலோ ஆயிரக்கணக்கில் போகிறது என்று டிவியில் காட்டுவார்கள். உடனே சொந்தக்காரர்கள் போன் போட்டுக் கடன் கேட்பார்கள். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு வந்தது. கமிஷன் கடையில் ஈரம் என்று சொல்லி எடையில் கழிப்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை.

சரி, உங்கள் செடிக்கு வருவோம். உயிருக்கு ஆபத்தான சிலந்தி இல்லை, ஆனால் கையில் பிடித்தால் கடிக்கும், வலிக்கும். குஞ்சுகள் வெளிவந்து கலையும்வரை மருந்து வேண்டாம். துணிக்கொடி அந்தப் பக்கம் இருந்தால் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்கள்.