நாலு இட்லி சாப்பிட்டும் பத்தரைக்கே பசிப்பது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. பள்ளி ஆசிரியை. காலை ஏழரை மணிக்குச் சட்னியோடு நாலு இட்லி சாப்பிடுகிறேன். பத்தரை மணிக்கெல்லாம் பசி கிள்ளுகிறது. அடையோ, தோசையோடு இரண்டு முட்டையோ சாப்பிட்ட நாளில் மதியம் ஒரு மணி வரை பசி தெரிவதில்லை. வயிறு என்னவோ இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் நிறைகிறது. இது அல்சரா, சர்க்கரையின் அறிகுறியா? என் கணவர் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். அவரும் இதே இட்லிதான் சாப்பிடுகிறார். அவருக்கு ஏதாவது மாற்ற வேண்டுமா?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: அல்சர் போலத் தெரியவில்லை. அடை சாப்பிட்ட நாளில் மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்ளும் அல்சரை நான் பார்த்ததில்லை. நீங்கள் எழுதியிருப்பது பெரும்பாலும் குடல் ஹார்மோன்களின் வேலை.

சாப்பிட்டதும் இரைப்பை விரிவதால் ‘போதும்’ என்ற முதல் சேதி மூளைக்குப் போகிறது. இரைப்பை காலியாகக் காலியாக அது தேய்ந்துவிடும். அப்புறம் குடல்தான் பேச வேண்டும். குடலின் உள்சுவரில் ஏறக்குறைய நூறு செல்லுக்கு ஒன்று ஹார்மோன் சுரக்கும் செல். எதிரே வருவது சர்க்கரையா, புரதமா, கொழுப்பா என்று பார்த்து, அதற்கேற்ற ஹார்மோனை அது ரத்தத்தில் விடுகிறது.

உங்கள் இட்லியை எடுத்துக்கொள்வோம். அரைத்து, புளிக்க வைத்து, ஆவியில் வேகவைத்த மாவு. வெகு சீக்கிரம் குளுக்கோஸாகிவிடும். அந்தக் குளுக்கோஸில் பெரும்பகுதியைச் சிறுகுடலின் மேல்பகுதியே உறிஞ்சிக்கொள்கிறது. அங்கே அதிகம் இருக்கும் செல்கள் சுரப்பது ஜி.ஐ.பி. என்ற ஹார்மோன். கணையத்தை இன்சுலின் சுரக்கச் சொல்வதில் அது கெட்டி. பசியை அடக்குவதில் அவ்வளவு இல்லை. ஜி.எல்.பி-1, பி.ஒய்.ஒய். ஆகிய இரண்டும்தான் பசியை நன்றாக அடக்குபவை. அவற்றைச் சுரக்கும் செல்கள் சிறுகுடலின் கடைசிப் பகுதியிலும் பெருங்குடலிலும்தான் அதிகம். இட்லியின் குளுக்கோஸ் அவ்வளவு தூரம் போவதற்குள் தீர்ந்துவிடுகிறது. போதாததற்கு, இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோனை மாவுச்சத்து வேகமாகக் குறைத்தாலும், அது அதே வேகத்தில் திரும்பவும் ஏறிவிடும். பத்தரை மணிக் கணக்கு இப்போது புரிந்திருக்கும்.

குடல் ஹார்மோன்களின் பலத்துக்கு ஒரு சான்று: குளுக்கோஸை வாய்வழியாகக் கொடுத்தால், அதே அளவு சர்க்கரை உயரும்படி ரத்தக்குழாய் வழியாக ஏற்றும்போது சுரப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்கிறது. 1964-ல் வெளியான ஆய்வுகளே இதைக் காட்டிவிட்டன. அந்த வித்தியாசம் பெரும்பாலும் குடல் ஹார்மோன்களின் கைவரிசை. டைப் 2 சர்க்கரை நோயில் இந்த விளைவு பெரிதும் குறைந்துபோகிறது.

புரதத்தின் கதை வேறு. பருப்போ முட்டையோ செரித்து, அமினோ அமிலங்களும் சிறு புரதத் துண்டுகளுமாகக் குடலுக்கு வந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. இது இரைப்பையின் வாசலை இறுக்கி, உணவு மெதுவாக இறங்கும்படி செய்யும். குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு நிறைவைச் சொல்லும். பி.ஒய்.ஒய்-யும் சாப்பிட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். ஒரு இட்லியில் 2 கிராம் இருந்தால் அதிகம். அடையில் பருப்பு தாராளமாக விழுகிறது. அதுதான் ஒரு மணி வரை தாங்குகிறது.

கொழுப்பும் கோலிசிஸ்டோகைனினை நன்றாகத் தூண்டும். ஆனால் எண்ணெயாகவே இருந்தால் பயனில்லை. லைபேஸ் என்ற நொதி அதைக் கொழுப்பு அமிலமாக உடைத்தால்தான் செல்களுக்குத் தெரியும். பித்தப்பையைச் சுருங்கச் செய்வதும் இதே ஹார்மோன்தான். பித்தக்கல் இருப்பவர்களுக்குப் பிரியாணி சாப்பிட்ட இரவில் வலது விலாவுக்குக் கீழே வலி பிடிப்பது இதனால்தான். இதைப் படித்துவிட்டு இட்லிப் பொடியில் நல்லெண்ணெயை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரி. கிடைக்கும் நிறைவுக்கு அது அதிக விலை.

எதை முதலில் சாப்பிடுகிறோம் என்பதும் முக்கியம். நியூயார்க்கில் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் டைப் 2 சர்க்கரை நோயாளிகளிடம் செய்த ஆய்வு ஒன்று 2015-ல் வெளிவந்தது. சிறிய ஆய்வுதான். காய்கறியையும் கோழிக்கறியையும் முதலில் சாப்பிட்டு, ரொட்டியைப் பிறகு சாப்பிட்டவர்களுக்கு, அதே உணவை மாற்றிச் சாப்பிட்ட நாளைவிடச் சர்க்கரை குறைவாகவே ஏறியது. ஜப்பானில் மீனையோ இறைச்சியையோ சோற்றுக்கு முன் கொடுத்தபோது இரைப்பை காலியாவது தாமதமாகி, ஜி.எல்.பி-1 கூடியது.

எனவே இட்லியை விட வேண்டாம். இரண்டாகக் குறைத்து, அதற்கு முன் ஒரு கிண்ணம் சுண்டலோ இரண்டு முட்டையோ சாப்பிடுங்கள். சாம்பாரில் தண்ணீரைக் குறைத்துப் பருப்பைக் கூட்டுங்கள். சுண்டலின் நார்ச்சத்தைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் சிறு கொழுப்பு அமிலங்களாக மாற்றும். அவையும் ஜி.எல்.பி-1 செல்களைத் தூண்டக்கூடியவை, கொஞ்சம் தாமதமாக.

வெந்தயத் தண்ணீரை ‘இயற்கை ஓசெம்பிக்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். ஓசெம்பிக் என்பது ஜி.எல்.பி-1 போல வேலை செய்யும் ஊசி மருந்து. நம் உடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 ரத்தத்தில் இரண்டு நிமிடம் தாங்கினால் பெரிது, டி.பி.பி-4 என்ற நொதி அதை உடைத்துவிடும். ஓசெம்பிக்கில் உள்ள செமாகுளுடைடு பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். எந்தச் சாப்பாட்டாலும் அதற்கு ஈடுகொடுக்க முடியாது.

பசியோடு கை நடுக்கம், வியர்வை, காரணமில்லாத எடைக் குறைவு, அதிகத் தாகம் ஏதாவது இருந்தால் சர்க்கரையும் தைராய்டும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் 46 வயதில் ஒரு எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பது நல்லது.

கணவருக்கும் இதே மாற்றம் பொருந்தும். அவர் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். ‘கிளிப்டின்’ என்று முடிந்தால், அது நான் சொன்ன டி.பி.பி-4 நொதியைத் தடுக்கும் மருந்து. அது மட்டும் என்றால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும் பயம் குறைவு. இன்சுலினைக் கூடுதலாகச் சுரக்கவைக்கும் கிளிமிபிரைடு இருந்தாலோ, இன்சுலின் போட்டுக்கொண்டாலோ, இட்லியைக் குறைக்கும் முன் அவருடைய டாக்டரிடம் சொல்லி மருந்தின் அளவை மாற்றிக்கொள்ளுங்கள். சிறுநீரகப் பாதிப்பு இருந்தால் எவ்வளவு புரதம் என்பதையும் அந்த டாக்டரிடமே கேளுங்கள்.