வெடிக்கும் விண்மீனும் பைத்தானும்

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸில் பி.இ. முடித்து, பெங்களூரில் ஐந்து வருடமாக டேட்டா வேலை பார்க்கிறேன். சூப்பர்நோவா ஆராய்ச்சிக்குப் போக ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகர், அல்சூர்

பதில்: நிஜத் தரவில் தொடங்குங்கள். பைத்தான் உங்களுக்குக் கைவந்தது. தரவு எங்கே ஏமாற்றும் என்பதைத்தான் இனிப் பழக வேண்டும்.

கலிஃபோர்னியாவின் பாலமார் மலையிலிருந்து 2018 முதல் வானத்தைப் படமெடுக்கும் இசட்.டி.எஃப். (ஸ்விக்கி டிரான்சியன்ட் ஃபெசிலிட்டி) என்ற கணக்கெடுப்பு தன் தரவைப் பொதுவில் தருகிறது. நிறமாலை (ஒளியை நிறம் நிறமாகப் பிரித்த பதிவு) பார்த்து வகை உறுதியான 200 வெடிப்புகள் போதும். புதிதாக ஏதாவது தெரிந்ததும் இசட்.டி.எஃப். விடும் அறிவிப்புகளில் வரும் புள்ளிகளோடு நிற்காமல், ஒவ்வொன்றின் இடத்தையும் கொடுத்து ‘ஃபோர்ஸ்டு போட்டோமெட்ரி’ (எதுவும் தெரியாத இரவிலும் அதே இடத்தில் ஒளியை அளப்பது) கேளுங்கள். வெடிப்புக்கு முந்தைய இரவுகளும் வரும். அவை இல்லாமல் ஒளி எந்த இரவில் ஏறத் தொடங்கியது என்று சொல்லவே முடியாது.

அந்த இரவுகளின் படத்திலிருந்து வெடிப்பு இல்லாத பழைய படத்தைக் கழித்த பின் மிஞ்சுவது இரைச்சல்தான். பல புள்ளிகள் மைனஸில் இருக்கும். மைனஸுக்கு லாகரிதம் கிடையாது. அதனால் மேக்னிட்யூடுக்கு (லாகரிதத்தில் சொல்லும் பிரகாச அளவு) மாற்றாமல் ஃபிளக்ஸாகவே (நேரடியாக வந்த ஒளியின் அளவு) வையுங்கள். ஆனால் ஜீரோபாயிண்ட் (படத்தின் எண்ணை உண்மையான பிரகாசத்தோடு இணைக்கும் அளவு) படத்துக்குப் படம் மாறும். 23.9-இலிருந்து அதைக் கழித்து, 2.5-ஆல் வகுத்து, 10-க்கு அடுக்காகப் போட்டு, வரும் எண்ணால் ஃபிளக்ஸைப் பெருக்குங்கள். ஜீரோபாயிண்ட் 26.4 என்றால் பெருக்கும் எண் 0.1. அப்போது 1,000 என்று இருந்த ஃபிளக்ஸ் 100 மைக்ரோஜான்ஸ்கி (ஃபிளக்ஸின் அலகு) ஆகும். இதை விட்டால் ஒளி வளைவு (நாளுக்கு நாள் பிரகாசம் மாறும் வரைபடம்) காரணமில்லாமல் துள்ளும்.

பிரபஞ்சம் விரிவதால் தொலைவிலிருந்து வரும் ஒளியின் அலையும் நிகழ்வின் காலமும் நீளும். அந்த நீட்சியைக் காட்டும் சிவப்புப் பெயர்ச்சி 0.1 என்றால் 20 நாள் ஏற்றம் நமக்கு 22 நாளாகத் தெரியும். நாள்களை 1.1-ஆல் வகுத்துவிடுங்கள்.

வெடிப்பின் வகையைக் கணிக்கும் மாடல் செய்ய, தரவைப் பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது வெடிப்பு வாரியாகப் பிரியுங்கள். ஒரே வெடிப்பின் புள்ளிகள் இரண்டு பக்கமும் போனால் மதிப்பெண் பொய்யாக ஏறும். மொத்தத் துல்லியத்தையும் நம்பாதீர்கள். பிரகாசமானவற்றையே வகைப்படுத்தும் கணக்கெடுப்புகளில் ஏறக்குறைய 70 விழுக்காடு 1ஏ (வெள்ளைக் குள்ள விண்மீன் வெடிப்பது) வகைதான். எல்லாவற்றையும் ‘1ஏ’ என்று சொல்லும் மாடலுக்கே 70 கிடைத்துவிடும். ஒவ்வொரு வகையிலும் எத்தனை தவறியது என்று எண்ணிப் பாருங்கள். நிறமாலை பெரும்பாலும் பிரகாசமானவற்றுக்கே எடுக்கப்படுவதால், அதில் பழகிய மாடல் மங்கலானவற்றில் தடுமாறும். இந்தத் துறையின் தீராத தலைவலி இது.

முனைவர் பட்டத்துக்கு உங்கள் ஊரிலேயே கோரமங்கலாவின் இந்திய வான் இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியை ஹொசகோட்டேயில் உட்கார்ந்தே இயக்குகிறார்கள். ஐ.ஐ.எஸ்.சி.யின் கூட்டு வானியல் திட்டமும் உண்டு. சேர்க்கைக்கான ஜெஸ்ட் நுழைவுத் தேர்வின் இயற்பியல் தாளுக்குக் குவாண்டம், வெப்ப இயக்கவியல், மின்காந்தவியல் மூன்றையும் ஒரு வருடமாவது ஒதுக்கிப் படியுங்கள். பி.இ.க்காரர்களுக்கான தகுதி விதியை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் சரிபார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.