பயோகேஸ் தொழில் எங்கே வளர்கிறது, எங்கே நிற்கிறது? கேள்வி பதில்

கேள்வி: உலகம் முழுக்க பயோகேஸ் வேகமாக வளர்கிறது என்கிறார்களே, உண்மையா விளம்பரமா?

பதில்: உண்மைதான். ஆனால் வேகம் எல்லாம் இப்போது பயோமீத்தேன், அதாவது சுத்திகரித்த பயோகேஸ் பக்கம்தான். சாணம், பயிர் போன்றவற்றைக் காற்றுப் புகாத கலனில் மக்கவைத்தால் உருவாகும் வாயுதான் பயோகேஸ். அதில் 50 முதல் 70 சதவீதம் மீத்தேன்; மீதி பெரும்பாலும் கரியமில வாயு. முன்பு அப்படியே எஞ்சினில் எரித்து மின்சாரம் எடுத்தார்கள். சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் மலிவானதும் அந்தக் கணக்கு உதைத்தது. இப்போது கரியமில வாயுவைப் பிரித்துவிட்டு, மீத்தேனை எரிவாயுக் குழாயில் ஏற்றுகிறார்கள் அல்லது வாகன எரிபொருளாக விற்கிறார்கள். டென்மார்க்கில் குழாயில் போகும் வாயுவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இதுதான்.

கேள்வி: ஜெர்மனிதானே முன்னோடி? அங்கே ஏன் தேங்கியது?

பதில்: 2000-இல் வந்த சட்டம், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு 20 ஆண்டுகள் நிலையான விலை தந்தது. 2004-இல் எரிசக்திக்காகப் பயிர் வளர்த்தால் கூடுதல் தொகை என்றார்கள். விவசாயிகள் சும்மா இருப்பார்களா? மக்காச்சோளமாக விதைத்துத் தள்ளினார்கள். சுமார் 9,000 ஆலைகள் முளைத்தன, நிலக் குத்தகை ஏறியது, எதிர்ப்பும் கிளம்பியது. 2012-இல் மக்காச்சோளத்துக்கு உச்சவரம்பு. 2014-இல் பயிருக்கான கூடுதல் தொகையே போயிற்று. புதிய ஆலைகள் கிட்டத்தட்ட நின்றுவிட்டன. பழையவற்றின் 20 ஆண்டுகளும் இப்போது ஒவ்வொன்றாக முடிகின்றன. அதனால் எந்த நாட்டின் வளர்ச்சிச் செய்தியைப் படித்தாலும், அங்கே விலை உத்தரவாதம் எந்த ஆண்டு முடிகிறது என்றுதான் நான் முதலில் தேடுவேன். ஆலைகளின் எண்ணிக்கையெல்லாம் அப்புறம்.

கேள்வி: எண்ணெய் நிறுவனங்களுக்கு இதில் என்ன வேலை?

பதில்: குழாயும் வாடிக்கையாளர்களும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறார்கள். 2022-இல் பிபி, அமெரிக்க பயோகேஸ் நிறுவனமான ஆர்க்கியா எனர்ஜியைச் சுமார் 410 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஷெல், டென்மார்க்கின் பயோகேஸ் நிறுவனமான நேச்சர் எனர்ஜிக்குச் சுமார் 200 கோடி டாலர் பேசியது. அமெரிக்காவில் இன்னொரு ருசியும் உண்டு: கலிபோர்னியாவின் எரிபொருள் விதிப்படி கிடைக்கும் கார்பன் வரவு, அதாவது கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைத்ததற்குத் தரப்படும், விற்கக்கூடிய சான்று. பால் பண்ணைச் சாணத்திலிருந்து வரும் வாயுவுக்கு, வாயுவின் விலையைவிட இந்த வரவே பெரிய வருமானமாக இருந்திருக்கிறது. ஆனால் 2020-இல் டன்னுக்கு 200 டாலரை ஒட்டியிருந்த வரவு, 2023-இல் 100-க்கும் கீழே இறங்கியது. இதை நம்பியே ஆலை கட்டியவர்களுக்குத் தூக்கம் போயிருக்கும்.

கேள்வி: இந்தியாவும் சீனாவும்?

பதில்: சீனா கோடிக்கணக்கில் வீட்டுக் கலன்களைக் கட்டியது. மக்கள் நகரங்களுக்குப் போனார்கள், வீட்டில் பன்றி வளர்ப்பது குறைந்தது, கலன்கள் காய்ந்தன. இப்போது அங்கே பெரிய ஆலைகளுக்குத்தான் முன்னுரிமை. இந்தியா 2018-இல் 5,000 அழுத்தப்பட்ட பயோகேஸ் ஆலைகள் என்று இலக்கு வைத்தது. கட்டியது அதில் சிறு பங்குதான். வாகன, வீட்டு எரிவாயுவில் இதை 2025-26-இல் 1 சதவீதத்தில் தொடங்கி 2028-29-இல் 5 சதவீதம் வரை கலக்க வேண்டும் என்ற கட்டாயம், வாங்க ஆள் இல்லை என்ற குறையையாவது தீர்க்கும்.

கேள்வி: சாணம் மட்டும் போதுமா?

பதில்: ஒரு டன் மாட்டுச் சாணக் கரைசலில் கிடைப்பது சுமார் 20 முதல் 30 கன மீட்டர் வாயு. பதப்படுத்திய மக்காச்சோளத் தீவனம் என்றால் 200-ஐ ஒட்டி. சாணக் கரைசலில் பெரும்பகுதி தண்ணீர்தான்; அதை லாரியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோனால் டீசலுக்கே சரியாகிவிடும். வைக்கோலில் வாயு அதிகம், தொல்லையும் அதிகம்: பொடியாக நறுக்காமல் போட்டால் மேலே மிதந்து கெட்டியாகப் படிந்து, கலக்கியைச் சிக்கவைக்கும்.

கேள்வி: முதலீடு செய்ய நினைக்கிறேன். முதலில் என்ன கேட்க வேண்டும்?

பதில்: வாயு போனபின் மிஞ்சும் கழிவுக் கரைசலை யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேளுங்கள். உள்ளே போடும் எடையில் பெரும்பகுதி அப்படியே வெளியே வரும். அதைத் திறந்த தொட்டியில் தேக்கினால் மீத்தேன் கசியும்; 20 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிடச் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும். மூடிய தொட்டியும், சுற்றுவட்டாரத்தில் அதை உரமாக வாங்க எழுதிக் கொடுத்த விவசாயிகளும் இல்லாத திட்டத்தில் நான் பணம் போடமாட்டேன்.