சோதனைச் சிகிச்சைக்கு ஆறு லட்சமா?

கேள்வி: மாடியிலிருந்து விழுந்ததில் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவே இல்லை. ஸ்டெம் செல் ஊசியைச் சோதனை முறையில் போட ஆறு லட்சம் கேட்கிறார்கள். நன்கொடை திரட்டலாமா?
- வாசகி, கொளத்தூர்

பதில்: இதற்காகத் திரட்ட வேண்டாம், அம்மா. முதலில் அவர்களிடம் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். மருத்துவ ஆய்வுகளை அந்தப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவது 2009 முதல் கட்டாயம். எண்ணை அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் தட்டினால், அந்த ஆய்வில் யாரைச் சேர்ப்பார்கள், யாரை விலக்குவார்கள், எந்த ஊரில் நடக்கிறது என்பது தெரியும். எண் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். முதுகுத்தண்டுக் காயத்துக்கு ஸ்டெம் செல்லை ஆய்வுக்குள் மட்டுமே தரலாம், அதற்கு நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 வழிகாட்டுதல். இன்னொன்று, இப்படி ஒரு ஊசி போட்டுக்கொண்டவரைப் பல உண்மையான ஆய்வுகள் பிறகு சேர்ப்பதில்லை. அந்தக் கதவையும் மூடிவிடாதீர்கள்.

சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் காட்டி, காயத்தின் தரத்தை (உணர்வும் அசைவும் அறவே இல்லாத ஏ முதல் இயல்பான ஈ வரை) எழுதி வாங்குங்கள். எம்.ஆர்.ஐ. படமும் டிஸ்சார்ஜ் சம்மரியும் ஒரே கோப்பில் இருக்கட்டும்.

படுக்கைப்புண், சிறுநீர்த் தொற்று, மடங்கி இறுகிய மூட்டு இருந்தாலும் ஆய்வுக்கு ஆள் எடுக்கும் தேர்வில் கழித்துவிடுவார்கள். இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்க வையுங்கள். வால் எலும்பு, குதிகால் பக்கம் தோல் சிவந்து, அழுத்தியும் வெளுக்காவிட்டால் அதுவே புண்ணின் தொடக்கம். உதவ முன்வருபவர்களிடம் பிசியோதெரபிக்கும் காற்றுப் படுக்கைக்கும் கேளுங்கள்.