75 வயது வரைக்கும் பணம் இருந்தால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 56, மனைவிக்கு 53. 60-ல் ஓய்வு பெறுகிறேன். தாத்தா ஐம்பதுகளிலேயே போய்விட்டார், அப்பா 68-ல். உலக சராசரி ஆயுளே 73 என்கிறார்கள். அதனால் என் 75 வயது வரைக்கும் செலவுக்கு வருகிற மாதிரி சேர்த்திருக்கிறேன். சரிதானே?

பதில்: போதாது. 73 என்பது பிறக்கும் குழந்தைக்கான சராசரி. சிறு வயதிலேயே இறப்பவர்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகிறார்கள். 1900 வாக்கில் இந்தச் சராசரி சுமார் 32-தான். எல்லோரும் 32-ல் இறந்தார்கள் என்று அர்த்தமில்லை. அவ்வளவு குழந்தைகள் இறந்தார்கள். அப்புறம் சுத்தமான குடிநீர், கழிவுநீர்க் குழாய், தடுப்பூசி எல்லாம் வந்தன. 1980-ல் பெரியம்மை ஒழிந்ததாக அறிவித்தார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் வயிற்றுப்போக்கிலிருந்து கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றியது. பணத்தைப் பற்றி எழுதுகிற எனக்கே, இதைவிடப் பெரிய சேமிப்பு எதுவும் தெரியவில்லை.

நீங்கள் அந்த ஆபத்துகளையெல்லாம் தாண்டி வந்தவர். அதனால் பார்க்க வேண்டிய எண் வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி, 60-ஐத் தொட்டவர் சராசரியாக இன்னும் 21 ஆண்டு வாழ்கிறார். அதாவது 81. அதுவும் சராசரிதான், ஏராளமானோர் அதையும் தாண்டுவார்கள். தாத்தா காலத்தில் ரத்த அழுத்தத்துக்கு இன்றுபோல மாத்திரைகள் கிடையாது என்பதையும் மறக்காதீர்கள். குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் அதை வைத்து சேமிப்பைக் குறைக்காதீர்கள்.

எனக்குப் பெரிய கவலை உங்கள் மனைவியைப் பற்றித்தான். உங்களுக்கு 75 ஆகும்போது அவருக்கு 72. பெண்கள் சராசரியாக ஆண்களைவிடக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். உங்கள் திட்டப்படி, மருத்துவச் செலவு கூடும் வயதில் அவர் கையில் ஒன்றும் இருக்காது. ஆகவே அவருக்கு 95 ஆகும் வரை கணக்குப் போடுங்கள்.

விலைவாசியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆண்டுக்கு 6% ஏறினால் 12 ஆண்டில் செலவு இரட்டிப்பாகும். 60-ல் ஆகும் செலவு உங்கள் 84-ல் நான்கு மடங்கு. முழுப் பணத்தையும் வங்கி வைப்புநிதியில் போட்டுவிட்டால் இதற்கு ஈடுகொடுப்பது கஷ்டம். ஏழெட்டு ஆண்டுச் செலவைப் பத்திரமான இடத்தில் வைத்துவிட்டு, மீதியில் ஒரு பகுதியைப் பங்குச்சந்தை நிதிகளில் வளர விடுங்கள். அன்றாட அடிப்படைச் செலவுக்கு ஆயுள் முழுக்கத் தரும் ஓய்வூதியத் திட்டம் வாங்கலாம். உங்களுக்குப் பிறகு மனைவிக்கும் தொடரும் வகைதானா என்று கையெழுத்திடும் முன் பாருங்கள். தொகை கொஞ்சம் குறையும், பரவாயில்லை.

இதற்கெல்லாம் பணம் பற்றவில்லை என்றால், ஓய்வை 63-க்குத் தள்ள முடியுமா என்று பாருங்கள். மூன்று ஆண்டு கூடுதலாகச் சேரும், அந்த மூன்று ஆண்டும் சேமிப்பில் கை வைக்க வேண்டியதில்லை.